மண்ணுக்குத் தாகமா? மண்ணுக்குக் காய்ச்சலா?

(திருவனந்தபுரத்தில் ஒரு தொடர்கல்வி மையத்தின் மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து பத்திரிகை வாசித்தோம். நினைவிருக்கிறதா? அதில் ஒரு செய்தி வந்தது. செயற்கைக்கோள்கள் மண்ணின் ஈரத்தை அளக்கின்றன என்பது செய்தி. முன்வரிசையில் இருக்கும் நம் பாட்டிதான் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"மக்களே, வானத்துல இருந்து பாத்தா எங்க மரச்சீனி விளையில ஈரம் இருக்கா இல்லையான்னு தெரியுமா? கிட்ட நின்னு குனிஞ்சு பாத்தாலே எனக்குச் சரியாத் தெரியலியே!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். விஞ்ஞானி இல்லை. இந்த ஒரு வாரமாக நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தேன். எனக்குப் புரிந்ததை இன்று சொல்கிறேன். பாட்டியின் கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்வேன்.

இரண்டு தட்டு மண்

இன்று மதியம் இரண்டு மணிக்கு முற்றத்தில் இரண்டு தட்டுகளை வைத்தேன். இரண்டிலும் ஒரே மண். ஒரு தட்டில் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினேன். இரண்டுக்கும் ஒரே வெயில். நாலு மணிக்கு நீங்கள் வந்ததும் தொட்டுப் பார்த்தீர்கள். என்ன சொன்னீர்கள்? காய்ந்த மண் சுடுகிறது. ஈர மண் சுடவில்லை.

ஏன்? வெயிலின் சூடு ஈர மண்ணில் விழுகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிவிடுகிறது. அதனால் மண் அதிகம் சூடாவதில்லை. காய்ந்த மண்ணில் ஆவியாகத் தண்ணீர் இல்லை. எனவே சூடு முழுவதும் மண்ணிலேயே ஏறுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது இதனால்தான். வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வதும் இதனால்தான். மண்ணில் ஈரம் இருக்கும்வரை மண்ணுக்கு வியர்க்கும். ஈரம் போனால் மண்ணுக்குக் காய்ச்சல் வரும்.

ஆகவே மண்ணின் ஈரமும் மண்ணின் சூடும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மற்றதையும் கேட்க வேண்டும். இன்றைய பேச்சின் சாரமே இதுதான்.

சூட்டைப் பார்க்கும் கண்

அடுப்பில் கனல் இருக்கிறது. நாம் தொடவில்லை. தள்ளி நின்றாலும் முகத்தில் சூடு தெரிகிறது. கனலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வருகின்றன. அவற்றுக்கு அகச்சிவப்புக் கதிர்கள் என்று பெயர். கனல் மட்டுமல்ல, தரை, மரம், கூரை, நம் உடம்பு எல்லாமே இக்கதிர்களை வெளிவிடுகின்றன. சூடு கூடினால் கதிரும் கூடும்.

செயற்கைக்கோளில் உள்ள கருவி இந்தக் கதிர்களை மேலே இருந்தே பிடிக்கிறது. தரை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கணக்கிடுகிறது. நம் நாட்டின் இன்சாட்-3டிஆர் 2016இல் ஏவப்பட்டது. இன்சாட்-3டிஎஸ் 2024இல் ஏவப்பட்டது. இவை தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. பூமி சுழலும் வேகத்துக்கு ஒத்துச் சுற்றுவதால் எப்போதும் நம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அரை மணிக்கு ஒரு படம் எடுக்கக் கூடியவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானொலியில் இன்று வெப்பம் 34 டிகிரி என்று சொல்கிறார்கள். அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். செயற்கைக்கோள் பார்ப்பதோ தரையின் மேல்தோலை. நடுப்பகலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்!

இந்தக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. மேகத்தைத் தாண்டி அதற்குப் பார்வை இல்லை. மேகம் மூடினால் மேகத்தின் தலைதான் தெரியும். நம் ஊரில் இடவப்பாதி மழை தொடங்கினால் நாள்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். அப்போது இந்தக் கண் என்ன செய்யும்?

ஈரத்தைப் பார்க்கும் கண்

அதற்கு வேறொரு கண் வேண்டும். மண்ணிலிருந்து இன்னொரு வகை அலையும் மிக மெல்லியதாக வெளிவருகிறது. அதற்கு நுண்ணலை என்று பெயர். ஈரத்தை அளக்கப் பயன்படும் ஒரு நுண்ணலையின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். அது மேகத்தைத் தாண்டி வரும். அடர்த்தி குறைந்த இலைகளையும் தாண்டி வரும். இரவும் பகலும் வரும்.

காய்ந்த மண் இந்த அலையைக் கூடுதலாக வெளிவிடும். ஈர மண் குறைவாக வெளிவிடும். ஆகவே அலை குறைந்தால் ஈரம் அதிகம் என்று கண்டுகொள்ளலாம்.

அவ்வளவுதானா? இல்லை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மண்ணின் சூடு மாறினாலும் இந்த அலை மாறும். அப்படியானால் அலை குறைந்தது ஈரத்தாலா? குளிர்ச்சியாலா? எப்படிப் பிரித்தறிவது?

ஒரு கணக்குப் போடுவோம். சாலைச் சந்தையில் ஒரு தேங்காயும் ஒரு கிலோ மரச்சீனியும் வாங்குகிறோம். இரண்டுக்கும் சேர்த்து 70 ரூபாய். தேங்காய் என்ன விலை? சொல்ல முடியாது. ஒரு கிலோ மரச்சீனி 40 ரூபாய் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். இப்போது சொல்லலாம். தேங்காய் 30 ரூபாய்.

மண்ணிலும் இதே கணக்குத்தான். நுண்ணலையில் ஈரமும் சூடும் சேர்ந்தே வருகின்றன. சூட்டை வேறு வழியில் தெரிந்துகொண்டால் ஈரத்தைப் பிரித்தெடுக்கலாம். அதனால்தான் ஒரு செயற்கைக்கோள் சொல்வதை மட்டும் நம்பாமல் பல செயற்கைக்கோள்கள் சொல்வதையும், தரையில் அளந்ததையும், கணினிக் கணக்கையும் விஞ்ஞானிகள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஒரு கண் போனபோது

இதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2015 ஜனவரி 31 அன்று ஸ்மாப் என்ற செயற்கைக்கோளை ஏவியது. மண்ணின் ஈரத்தை அளப்பதற்கென்றே செய்தது. அதன் ஆன்டெனா 6 மீட்டர் அகலம். வலை போன்றது. சுழன்றுகொண்டே பூமியைப் பார்க்கும்.

அது நம் தலைக்கு மேலே வரும் நேரம் விடியற்காலை ஆறு மணி அளவு. ஏன் அந்த நேரம்? விடியற்காலையில் மண்ணும் செடியும் அவற்றை ஒட்டிய காற்றும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும். சூட்டினால் வரும் குழப்பம் குறையும்.

ஸ்மாப்பில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று மண் தானாக வெளிவிடும் அலையைக் கேட்கும். அது நம்பகமானது. ஆனால் அதற்குக் கூர்மை இல்லை. சுமார் 36 கிலோமீட்டர் சதுரத்தை ஒரே கட்டமாகப் பார்க்கும். இன்னொன்று ரேடார். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கும். வௌவால் ஒலி எழுப்பி எதிரொலி கேட்பதுபோல. அதற்குக் கூர்மை அதிகம். இரண்டையும் சேர்த்து நல்ல வரைபடம் தயாரிப்பது திட்டம்.

ஆனால் ஏவிய ஆறு மாதத்துக்குள், 2015 ஜூலை 7 அன்று, ரேடார் நின்றுபோனது. ஆகாயத்தில் போய்ப் பழுது பார்க்க முடியுமா? முடியவில்லை. ஒரு கண் போய்விட்டது.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஐரோப்பியர்கள் 2014இல் அனுப்பிய சென்டினல்-1 என்ற செயற்கைக்கோளில் ரேடார் இருந்தது. அதன் படங்களை ஸ்மாப்பின் அளவுகளோடு சேர்த்தார்கள். 36 கிலோமீட்டராக இருந்த கட்டம் 3 கிலோமீட்டர் வரை சிறிதானது.

வேறொரு வழியும் உண்டு. அகச்சிவப்புக் கருவிகள் 1 கிலோமீட்டர் கட்டம் கட்டமாகத் தரையின் சூட்டைக் காட்டும். பெரிய கட்டத்தின் மொத்த ஈரம் தெரியும். அதற்குள் பகலில் எந்த இடம் அதிகம் சுடுகிறது, எந்த இடம் குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். செடியின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மிகவும் சுடும் இடம் காய்ந்த இடமாக இருக்கும். குளிர்ந்த இடம் ஈரமான இடமாக இருக்கும். நம்முடைய இரண்டு தட்டு மண் சொன்ன பாடம்தான் இது.

நம் ஊரின் பங்கு

இந்த வேலையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போனது. அன்று அது மீனவர் கிராமம். அங்கிருந்த மாதா கோயில் கட்டடத்திலும் விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது.

1979 ஜூன் 7 அன்று நம் நாட்டின் பாஸ்கரா-1 செயற்கைக்கோள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அதில் நுண்ணலையைப் பிடிக்கும் கருவி இருந்தது. முக்கியமாகக் கடலையும் காற்றில் உள்ள நீராவியையும் அறிய அது பயன்பட்டது. அப்போது நம்மிடம் செயற்கைக்கோளை ஏவும் சொந்த ராக்கெட் இல்லை.

இப்போது நிலைமை வேறு. 2022 பிப்ரவரி 14 அன்று இஓஎஸ்-04 என்ற ரேடார் செயற்கைக்கோளை நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கொண்டுபோனது. பயிர், காடு, மண்ணின் ஈரம், வெள்ளம் ஆகியவற்றைப் பார்ப்பது அதன் வேலை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் ஏவப்பட்டது. அது இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. அதில் இரண்டு ரேடார்கள். ஒன்றின் அலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம். மற்றதன் அலை அதில் பாதிக்கும் குறைவு. 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு மேலே அதே பாதையில் வரும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

நிசாரைக் கொண்டுபோனது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட். அந்த ராக்கெட்டை வடிவமைத்ததில் தும்பாவுக்குப் பெரும் பங்கு. அதன் குளிர் எரிபொருள் இயந்திரத்தை உருவாக்கிய மையம் நெடுமங்காட்டுப் பக்கம் வலியமலையில் இருக்கிறது. அந்த வகை இயந்திரங்களை ஓட்டிச் சோதிக்கும் இடம் தமிழ்நாட்டில் மகேந்திரகிரி. நாம் தினமும் பஸ்ஸில் பார்க்கும் ஆட்களில் யாரோ அந்த வேலை செய்தவராக இருக்கலாம்!

இதனால் நமக்கு என்ன?

நல்ல கேள்வி. 2016இல் கேரளத்தில் மழை பொய்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2017 கோடையில் பேப்பாறை அணை வற்றியது. நகரத்துக்குக் குடிதண்ணீர் தர நெய்யாறு அணை நீரை அருவிக்கரைக்குத் திருப்ப வேண்டிவந்தது. இங்கே பல பேருக்கு அந்தக் குடங்களின் வரிசை நினைவிருக்கும்.

2016 டிசம்பரில் மத்திய அரசு வறட்சி மேலாண்மைக் கையேடு ஒன்றை வெளியிட்டது. வறட்சியை எப்படி முடிவு செய்வது என்று அதில் இருக்கிறது. முதலில் மழைக் குறைவைப் பார்க்க வேண்டும். பிறகு விதைத்த பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிரின் பசுமை, மண்ணின் ஈரம், அணை மற்றும் நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதன்பின் கிராமங்களுக்கு நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா? மண்ணின் ஈரம் ஓர் எண். அந்த எண் நிவாரணத்தோடு தொடர்புடைய எண். அதைப் பற்றித் தெரியாதவர் பேசாமல் நிற்பார். தெரிந்தவர், "எங்கள் பகுதியின் எண் என்ன? நேரில் வந்து பார்த்தீர்களா?" என்று கேட்பார்.

ஈரம் கூடினாலும் ஆபத்துத்தான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தது. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய இரண்டு மாத மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. அதன்மேல் பெருமழை கொட்டியது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? மலைச்சரிவில் எவ்வளவு மழை பெய்கிறது என்பது மட்டும் போதாது. மண் ஏற்கெனவே எவ்வளவு குடித்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

பாட்டிக்குப் பதில்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். பாட்டி, உங்கள் பத்து சென்ட் மரச்சீனி விளைக்கு இன்று தண்ணீர் வேண்டுமா என்று செயற்கைக்கோள் சொல்லாது. மூன்று காரணங்கள்.

ஒன்று, கட்டம் பெரியது. 36 கிலோமீட்டர் கட்டம் என்றால் ஒரே கட்டத்துக்குள் சங்குமுகம் கடலும் வரும், நெடுமங்காட்டு மரச்சீனியும் வரும். கடல் நீர் கலந்தால் மண்ணின் கணக்குக் கெட்டுப்போகும். நம் நாடு ஒடுங்கிய நாடு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை.

இரண்டு, நம் ஊரில் மரம் அதிகம். அடர்ந்த காட்டுக்கும் தோப்புக்கும் அடியில் உள்ள மண்ணை நுண்ணலையாலும் தெளிவாகப் பார்க்க முடியாது.

மூன்றாவதை என் வீட்டுக் கதையாகச் சொல்கிறேன். என் அப்பா ஒரு கோடையில் வெள்ளாயணிப் பக்கம் நிலம் பாட்டத்துக்கு எடுத்துப் பயறு போட்டார். மேல்மண் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. அப்பா பயந்து தினமும் தண்ணீர் விட்டார். மோட்டாருக்கு வாடகை கொடுத்தார். ஆனால் இலை மஞ்சளானது. இன்னும் தண்ணீர் வேண்டும் என்று நினைத்து இன்னும் விட்டார். ஒரு நாள் பக்கத்து விளைப் பெரியவர் வந்து மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிக் காட்டினார். உள்ளே மண் சேறாக இருந்தது. வேர் அழுகியிருந்தது. பாதிப் பயிர் போனது. அந்த வருடம் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

அப்பா மண்ணின் மேல்தோலைப் பார்த்து ஏமாந்தார். ஸ்மாப் போன்ற செயற்கைக்கோளும் நேரடியாகப் பார்ப்பது மேலே உள்ள சுமார் 5 சென்டிமீட்டர் மண்ணைத்தான். அதாவது மூன்று விரல்கடை. அதற்குக் கீழே வேர் இருக்கும் இடத்தைக் கணினிக் கணக்கால் மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்குச் சரியா என்று பார்க்கத் தரையில் கருவி புதைத்து அளக்கிறார்கள். தரையில் அளக்காமல் வானத்து அளவு நிறைவு பெறாது.

அப்படியானால் செயற்கைக்கோள் எதற்கு? உங்கள் விளைக்கு அல்ல. ஊருக்கும் மாவட்டத்துக்கும் நாட்டுக்கும். எந்தப் பக்கம் காய்ந்து வருகிறது? போன வருடத்தைவிட இந்த வருடம் எப்படி? எந்த அணையின் தண்ணீரை எப்போது திறப்பது? எங்கே ஆட்களை அனுப்பிப் பார்ப்பது? இதற்கெல்லாம் மேலே இருந்து பார்க்கும் கண் வேண்டும். உங்கள் விளைக்கோ உங்கள் கை வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தண்ணீர் விடும் முன் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிடியுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும். உருண்டையாக நின்றால் பொறுக்கலாம். பிழிந்தால் கையில் தண்ணீர் ஒட்டினால் இப்போது வேண்டவே வேண்டாம். மணல் மண் சீக்கிரம் உதிரும். ஆகவே உங்கள் மண்ணை நீங்களே பழகி அறிய வேண்டும்.

இரண்டாவது, மண் மூடாமல் வெயிலில் கிடக்க வேண்டாம். சருகும் தழையும் போட்டு மூடுங்கள். மண்ணின் காய்ச்சல் குறையும். ஈரம் தங்கும்.

மூன்றாவது, வானிலைத் துறை வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கான வானிலை அறிவிப்பு வெளியிடுகிறது. நம் மையத்தில் அதை எடுத்து வாசிப்போம். மலையாளத்தில் வந்தால் நான் தமிழில் எழுதித் தருகிறேன். நீங்கள் தோண்டிப் பார்த்ததை நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் பல பேர் இங்கே வந்தோம். இனி எண்ணை வாசிக்கவும் வேண்டும். எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் வேண்டும். வானத்தில் எத்தனை கண் இருந்தாலும் தரையில் ஒரு கண் குறைந்தால் கணக்கு முழுமையாகாது. அந்தக் கண் நம்முடையது.

பாட்டி, அடுத்த வாரம் உங்கள் விளை மண்ணில் ஒரு பிடி கொண்டுவருவீர்களா? நாம் எல்லோரும் பிடித்துப் பார்க்கலாம்.

கலந்து பேசுவோம்

1. ஈர மண் ஏன் குளிர்ந்திருக்கிறது? உங்கள் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2. ஒரு தேங்காயும் ஒரு கிலோ பயறும் சேர்த்து 150 ரூபாய். பயறு 115 ரூபாய். தேங்காய் என்ன விலை?

3. ஒரு செயற்கைக்கோள் மட்டும் போதாது என்பது ஏன்?

4. உங்கள் நிலத்தில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். கண்டதை மூன்று வரியில் எழுதுங்கள்.